முதல் 12 வாரத்துக்குள் கர்ப்பகாலப் பரிசோதனை: வட்டார விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது?

வாரக்கணக்கு எழுதியது:

வணக்கம். பல மாவட்டங்கள் அடங்கிய ஒரு வட்டாரத்தில், கர்ப்பமான முதல் 12 வாரத்துக்குள் எத்தனை பெண்கள் பரிசோதனைக்கு வருகிறார்கள் என்று மாவட்டவாரியாக அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கையில் இரண்டு தரவுகள் இருக்கின்றன. ஒன்று, சுகாதார நிலையங்கள் மாதந்தோறும் அனுப்பும் பதிவேட்டுத் தொகுப்பு. மற்றது, வீடுவீடாகப் போய் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு.

இரண்டும் ஒத்துப்போகவில்லை. சில மாவட்டங்களில் பதிவேட்டு விகிதம் கணக்கெடுப்பைவிட மிக அதிகமாக இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் நூறு சதவீதத்தையே தாண்டிவிட்டது. இன்னொன்றில் நேர் எதிர்: கணக்கெடுப்பு நன்றாக இருக்கிறது, பதிவேடு மோசமாக இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? இரண்டின் சராசரியைப் போட்டுவிடலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


மாதிரிக்கூறு எழுதியது:

சராசரி போடாதீர்கள். இரண்டும் வேறு வேறு கேள்விக்கு வந்த பதில்கள்.

நூறைத் தாண்டிய மாவட்டத்தை முதலில் பார்ப்போம். மேலே வரும் எண் நிலையத்தில் பதிவானவர்கள். கீழே வரும் எண், மக்கள்தொகையை வைத்து மதிப்பிட்ட கர்ப்பங்கள். அப்படித்தானே? பழைய மக்கள்தொகைக் கணக்கை ஆண்டுக்காண்டு நீட்டி எடுத்த எண்ணாக இருந்தால், ஆட்கள் வந்து குடியேறும் மாவட்டத்தில் அது குறைவாக இருக்கும், ஆட்கள் வெளியேறும் மாவட்டத்தில் கூடுதலாக இருக்கும். பக்கத்து மாவட்டத்துப் பெண்கள் பெரிய மருத்துவமனையைத் தேடி எல்லை தாண்டி வந்தாலும் மேல் எண் வீங்கிவிடும். ஒரே பெண் இரண்டு நிலையங்களில் பதிந்தாலும் அப்படியே.

கணக்கெடுப்பில் வகுக்கும் எண் வேறு. அங்கே பெரும்பாலும் உயிரோடு குழந்தை பெற்ற பெண்களிடம்தான் கேட்கிறார்கள். பல வளரும் நாடுகளில் வீடுவீடாக எடுக்கும் டி.எச்.எஸ் (மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு) கணக்கெடுப்புகள் நெடுங்காலம் ஐந்து ஆண்டுகளுக்குள் குழந்தை பெற்றவர்களின் கடைசிப் பிரசவத்தைப் பற்றிக் கேட்டன. அதுபோன்ற இன்னொன்றான யுனிசெஃப்பின் மிக்ஸ் கணக்கெடுப்பு இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. டி.எச்.எஸ்ஸின் எட்டாம் கட்டத்தில்தான் இரண்டு ஆண்டுகளாகச் சுருக்கி, இறந்து பிறந்த குழந்தைகளின் தாய்மார்களையும் இந்த அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். கருச்சிதைவானவர்கள், கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் அதிலும் இல்லை. உங்கள் பதிவேட்டிலோ, பத்தாம் வாரத்தில் பதிந்து பதினான்காம் வாரத்தில் கரு கலைந்த பெண்ணும் இருக்கிறாள். சீக்கிரம் பதிபவர்கள் கூடக்கூட இந்த வேறுபாடும் கூடும், ஏனென்றால் கரு கலைவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான்.

ஒரு கேள்வி: உங்கள் பதிவேட்டு விகிதம் எல்லா மாவட்டத்திலும் ஒரே முறையில்தான் கணக்கிடப்பட்டிருக்கிறதா?


வாரக்கணக்கு எழுதியது:

நீங்கள் கேட்ட பிறகு பார்த்தேன். ஒரே முறை இல்லை. சில மாவட்டங்கள் மதிப்பிட்ட கர்ப்பங்களால் வகுக்கின்றன. சில மாவட்டங்கள், நிலையத்துக்கு வந்த கர்ப்பிணிகளில் எத்தனை பேர் 12 வாரத்துக்குள் வந்தார்கள் என்று போடுகின்றன. இரண்டுக்கும் படிவத்தில் ஒரே தலைப்பு.


மாதிரிக்கூறு எழுதியது:

அங்கேதான் ஆபத்து. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு மாவட்டத்தில் 1000 கர்ப்பங்கள். 700 பேர் நிலையத்துக்கு வருகிறார்கள், அதில் 490 பேர் 12 வாரத்துக்குள். வந்தவர்களில் 70 சதவீதம் சீக்கிரம் வந்தவர்கள். மொத்தக் கர்ப்பங்களில் பார்த்தால் 49 சதவீதம்.

அடுத்த ஆண்டு அந்த மாவட்டத்தின் களப்பணியாளர்கள் கடுமையாக உழைக்கிறார்கள். எட்டாத குடியிருப்புகளுக்கெல்லாம் போகிறார்கள். இப்போது 900 பேர் வருகிறார்கள். புதிதாக வந்தவர்களில் பலர் தாமதமாக வந்தாலும், 12 வாரத்துக்குள் வந்தவர்கள் 540 ஆகக் கூடியிருக்கிறார்கள். மொத்தக் கர்ப்பங்களில் 54 சதவீதம், அதாவது முன்னேற்றம். வந்தவர்களில் பார்த்தாலோ 540ஐ 900ஆல் வகுத்து 60 சதவீதம். பத்துப் புள்ளி சரிவு!

நல்ல வேலை செய்த மாவட்டம் அறிக்கையில் பின்தங்கிப் போய்விடும். எட்டாதவர்களைத் தேடிப் போகாத மாவட்டத்துக்குப் பாராட்டு கிடைக்கும். அதனால் இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கொடுங்கள்: மொத்தக் கர்ப்பங்களில் எவ்வளவு, வந்தவர்களில் எவ்வளவு. தலைப்பிலேயே அதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.


பதிவேட்டுச்செவிலி எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த விஷயத்தில் பேசியே ஆகவேண்டும் என்று தோன்றியது. பதிவேடு எழுதுபவள் நான்.

வகுக்கும் எண்ணைப் பற்றி நன்றாகச் சொன்னீர்கள். மேலே உள்ள எண்ணும் அவ்வளவு நேரானது இல்லை. ஒரு பெண் வருகிறாள். கடைசி மாதவிடாய் தேதி கேட்டால், "போன மாசத்துக்கு முந்தின மாசம், நிலா பெரிசா இருந்தப்ப" என்பாள். சிலருக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கரு தங்கியிருக்கும். நடுவில் மாதவிடாயே வந்திருக்காது. சிலர் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்து நிறுத்தியிருப்பார்கள், சுழற்சி ஒழுங்காக இருக்காது. ஸ்கேன் உடனே கிடைத்தால் நல்லது. கிடைக்காத இடத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஒரு வாரம் எழுதுகிறோம்.

அப்புறம், சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன். 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் பெண்ணுக்கு உதவித்தொகை என்றோ, நிலையத்துக்குப் பாராட்டு என்றோ வைத்துவிட்டால், 13 வாரத்தில் வந்தவளுக்கு 12 என்று எழுதும் கை இருக்கத்தான் செய்யும். கெட்ட எண்ணத்தில் எழுதுவது இல்லை. அந்த ஏழைப் பெண்ணுக்கு ஒரு வாரத்தால் பணம் போய்விடக்கூடாதே என்ற எண்ணம். தேதியே சரியாகத் தெரியாதபோது 12க்கும் 13க்கும் நடுவே எந்தச் சுவர் இருக்கிறது?


மாதிரிக்கூறு எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதைத் தரவிலேயே பார்க்க முடியும். வாரக்கணக்கு, உங்களிடம் ஒவ்வொரு பெண்ணின் வாரமும் தனித்தனியாக இருந்தால், 4 முதல் 40 வரை எந்த வாரத்தில் எத்தனை பேர் பதிந்தார்கள் என்று ஒரு படம் வரையுங்கள். இயல்பான பதிவில் படம் ஏறி, மெல்ல இறங்கும். 12இல் மட்டும் ஒரு கோபுரம் எழுந்து 13, 14இல் பள்ளம் விழுந்தால், வாரம் நகர்த்தி எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். 8, 12, 16, 20 என்று எல்லாவற்றிலும் கோபுரம் இருந்தால் அது வேறு: மாதத்தை நான்கால் பெருக்கி வாரமாக்கியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. முதலாவதில் ஊக்கத்தொகை விதியை மாற்றவேண்டும், இரண்டாவதில் பயிற்சி தரவேண்டும்.


மகப்பேறுமருத்துவம் எழுதியது:

தேதி பற்றிச் செவிலி சகோதரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முதல் மூன்று மாதங்களுக்குள் கருவின் நீளத்தை அளந்து தேதி குறித்தால் பிழை ஏறத்தாழ 5 முதல் 7 நாள்தான். கடைசி மூன்று மாதங்களில் முதன்முதலாக ஸ்கேன் எடுத்தால் பிழை மூன்று, நான்கு வாரம்வரை போகும். அதாவது சீக்கிரம் வந்தவளின் வாரம் நமக்குத் துல்லியமாகத் தெரியும். தாமதமாக வந்தவளின் வாரம்தான் தெரியாது. "வாரம் தெரியவில்லை" என்று கிடக்கும் பதிவுகள் பெரும்பாலும் அவர்களுடையவை. அந்தப் பதிவுகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால் விகிதம் தானாக உயரும்.


வாரக்கணக்கு எழுதியது:

மருத்துவர் மேடம், என்னிடம் அப்படி வாரம் இல்லாத பதிவுகள் நிறைய உண்டு. ஒதுக்கத்தான் நினைத்திருந்தோம். வேறு என்ன செய்வது?


மாதிரிக்கூறு எழுதியது:

இரண்டு முனைகளையும் காட்டுங்கள். வாரம் தெரியாத எல்லோரும் தாமதமாக வந்தவர்கள் என்று வைத்து ஒரு விகிதம், எல்லோரும் சீக்கிரம் வந்தவர்கள் என்று வைத்து இன்னொன்று. உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது. இடைவெளி சிறியதாக இருந்தால் கவலை இல்லை. பெரியதாக இருந்தால் அந்த மாவட்டத்துக்கு விகிதம் சொல்லும் தகுதி இன்னும் வரவில்லை என்று எழுதிவிடுங்கள். அதைச் சொல்லக் கூச்சப்படவேண்டாம்.


உலகவரைபடம் எழுதியது:

நான் நாடுகளுக்கு இடையிலான ஒப்பீடுகளைப் படிப்பவன். மாவட்ட அளவில் நீங்கள் படும் பாடு உலக அளவிலும் அப்படியே இருக்கிறது.

2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 1990 முதல் 2013 வரை, சீக்கிரமே வந்த முதல் பரிசோதனையின் அளவை உலகம் முழுவதற்கும் வட்டாரவாரியாக மதிப்பிட்டார்கள். உலக அளவு 1990இல் 40.9 சதவீதம், 2013இல் 58.6. வளரும் வட்டாரங்களில் 2013இல் 48.1, வளர்ந்த வட்டாரங்களில் 84.8. வருமானத்தை வைத்துப் பிரித்தால் இன்னும் கசப்பு: குறைந்த வருமான நாடுகளில் 24.0, உயர் வருமான நாடுகளில் 81.9.

இந்த எண்களை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். எண்ணோடு வரும் பிழை எல்லையை யாரும் எடுத்தாள்வதில்லை. அந்த 58.6க்கு அவர்களே தந்த எல்லை 52.1 முதல் 64.3 வரை. தரவு கிடைத்தது 132 நாடுகளிலிருந்து. 2013இல் உலகில் நடந்த பிறப்புகளில் 63 சதவீதம் அந்த நாடுகளுடையவை. தரவு இல்லாத இடத்தில் அக்கம்பக்கத்து நாடுகளின் போக்கிலிருந்து கடன் வாங்கும் படிநிலை மாதிரி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அதில் தவறில்லை, நேர்மையான முறைதான். ஆனால் அப்படி வந்த எண் ஒரு நாட்டில் நேற்று தொடங்கிய திட்டத்தின் பலனைக் காட்டாது. எண்ணில் பாதி அண்டை நாட்டுக்காரனுடையது.

உங்கள் மாவட்டங்களுக்கும் இதே முறையைச் செய்யலாம். சிறிய மாவட்டத்தின் விகிதத்தை வட்டாரச் சராசரியின் பக்கம் கொஞ்சம் இழுத்து நிலைப்படுத்துவது. செய்தால், அதை வைத்து அந்த மாவட்டத்தின் ஓராண்டு முன்னேற்றத்தை அளக்காதீர்கள்.


திட்டநிர்வாகம் எழுதியது:

எல்லோரும் அறிவோடு பேசுகிறீர்கள், மதிக்கிறேன். ஆனால் நான் மேசையின் இந்தப் பக்கம் இருப்பவன். எந்த மாவட்டத்துக்குக் கூடுதல் செவிலியர், எந்த மாவட்டத்துக்கு ஸ்கேன் கருவி என்று குறிப்பிட்ட நாளுக்குள் முடிவு செய்தாக வேண்டும். எல்லை, முனை, படம் என்று பத்து எண்கள் தந்தால் முடிவு எடுக்கும் இடத்தில் யாரும் படிக்கமாட்டார்கள். எனக்கு மாவட்டத்துக்கு ஓர் எண், கடைசியில் ஒரு தரவரிசை வேண்டும். அது இல்லாவிட்டால் யார் குரல் பெரிதோ அவர்களுக்கே கருவி போகும். இதையும் யோசியுங்கள்.


மாதிரிக்கூறு எழுதியது:

உங்கள் கவலை நியாயமானது ஐயா. தரவரிசை அந்தக் கவலையைத் தீர்க்காது என்பதுதான் என் வாதம்.

ஒரு மாவட்டத்தில் 400 பெண்களிடம் கேட்டதாக வையுங்கள். ஒரே ஊரில் கொத்தாகத் தேர்ந்தெடுத்ததால் அவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். அந்த விளைவு இரண்டு மடங்கு என்றால், 400 பேர் 200 பேருக்குச் சமம். விகிதம் 50 என்று வந்தால் பிழை எல்லை மேலும் கீழும் ஏறத்தாழ 7 புள்ளி. 46 எடுத்த மாவட்டமும் 53 எடுத்த மாவட்டமும் உண்மையில் இடம் மாறியே இருக்கலாம். 100 பேரிடம்தான் கேட்டார்கள், கொத்து விளைவு ஒன்றரை மடங்கு என்றால் எல்லை 12 புள்ளி. அந்தப் பட்டியலில் எட்டாம் இடம், பதினொன்றாம் இடம் என்பதற்குப் பொருளே கிடையாது.

மூன்று குழுக்களாகப் பிரியுங்கள்: உறுதியாகப் பின்தங்கியவை, உறுதியாக முன்னே இருப்பவை, சொல்ல முடியாதவை. கருவியை முதல் குழுவுக்குக் கொடுங்கள். நீங்கள் கேட்ட முடிவு கிடைத்துவிடும்.

இன்னொன்று. சதவீதத்தை மட்டும் பார்த்துப் பணம் ஒதுக்காதீர்கள். ஒரு மாவட்டத்தில் 20,000 பிறப்பு, விகிதம் 40. இன்னொன்றில் 2,000 பிறப்பு, விகிதம் 80. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து வட்டார விகிதம் 60 என்று போட்டால் அது பொய்த் தோற்றம். பிறப்புகளின் எடையோடு போட்டால் 43.6தான். தாமதமாக வந்தவர்கள் முதல் மாவட்டத்தில் 12,000 பேர், இரண்டாவதில் 400 பேர். கருவி எங்கே போகவேண்டும் என்பதை அந்த எண்ணிக்கைதான் சொல்லும்.


திட்டநிர்வாகம் எழுதியது:

மூன்று குழு என்றால் சரி, அதை வைத்து நான் பேசமுடியும். ஆனால் "சொல்ல முடியாதவை" குழு பெரியதாக இருந்தால் என்னிடம் கேள்வி வரும். அந்தக் குழுவில் இருக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஏன் சொல்ல முடியவில்லை என்று ஒரு வரி வேண்டும்.


தரவுத்தோழன் எழுதியது:

வகுக்கும் எண்ணுக்குத் திரும்புகிறேன். மக்கள்தொகைக் கணிப்பு மாவட்ட அளவில் கைவிட்டால் ஒரு மாற்று வழி உண்டு. தடுப்பூசித் தரவு.

குழந்தைகளுக்கான முக்கூட்டுத் தடுப்பூசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி மூன்றுக்கும் போடுவது) முதல் தவணை பெரும்பாலான இடங்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் போய்ச் சேருகிறது. நிலையங்கள் போட்டதாகச் சொல்லும் தவணைகளின் எண்ணிக்கையை, கணக்கெடுப்பு சொல்லும் தடுப்பூசி விகிதத்தால் வகுத்தால் தடுப்பூசி வயதை எட்டிய குழந்தைகள் எத்தனை என்று வரும். அதிலிருந்து பின்னோக்கிப் போகவேண்டும்: பிறந்த சில வாரங்களில் இறந்தவர்களைக் கூட்டி, இரட்டைக் குழந்தைகளுக்குக் கழித்து, இறந்து பிறந்தவர்களைக் கூட்டி, கடைசியில் கருச்சிதைவுக்கும் ஒரு பங்கு கூட்டினால் கர்ப்பங்களின் எண்ணிக்கை. உலக நாடுகளின் தாய்சேய் நலனைக் கண்காணிக்கும் கவுண்ட்டவுன் 2030 குழுவினர் பயன்படுத்தும் வழிகளில் இதுவும் ஒன்று.

இதன் அழகு என்னவென்றால், மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒரே நிலையங்களிலிருந்து வருகின்றன. எல்லை தாண்டி வருபவர்களின் பிரச்சினை ஓரளவு தானாகச் சரியாகும். ஆனால் பெரிய மருத்துவமனையில் பதிந்த பெண், குழந்தையின் தடுப்பூசிக்குத் தன் ஊருக்கே போய்விட்டால் கணக்கு மறுபடியும் பிசகும். அதனால் எந்த வழியையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல், இரண்டு வழியிலும் வட்டார மொத்தத்தைக் கணக்கிட்டு, எது கணக்கெடுப்போடு ஒத்துப்போகிறதோ அதை மாவட்டங்களுக்கும் எடுங்கள்.

தனியார் மருத்துவமனைகள் உங்களுக்கு அறிக்கை அனுப்புகின்றனவா? கணக்கெடுப்பு நன்றாகவும் பதிவேடு மோசமாகவும் இருக்கும் மாவட்டம் என்றீர்களே, அது நகர்ப்புறமாக இருந்தால் விடை அங்கேதான் இருக்கிறது.


வாரக்கணக்கு எழுதியது:

நகர்ப்புறம்தான்! தனியாரில் சில மட்டுமே அனுப்புகின்றன. முதல் பரிசோதனையைத் தனியாரிடம் முடித்துவிட்டு, ஐந்தாம் மாதத்தில் அரசு நிலையத்துக்கு வரும் பெண்கள் அங்கே நிறைய. அவர்கள் எங்கள் பதிவேட்டில் "தாமதமாக வந்தவர்கள்".


பதிவேட்டுச்செவிலி எழுதியது:

அவர்களுக்கு ஒரு தனிக் கட்டம் போட்டுத் தாருங்கள் தம்பி. "வேறு இடத்தில் முதலில் பார்த்த வாரம்" என்று. கையில் ஸ்கேன் தாளோடுதான் வருகிறார்கள், நாங்கள் பார்த்து எழுதிவிடுவோம். கட்டம் இல்லாததால் இப்போது எழுத இடமில்லை.


உலகவரைபடம் எழுதியது:

ஒரே கட்டத்தின் வார்த்தையை மாற்றினால் ஒரு நாட்டின் எண்ணே மாறிவிடும் என்பதற்கு அமெரிக்கா நல்ல உதாரணம். அங்கே பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்திலிருந்து இந்த விகிதத்தை எடுக்கிறார்கள். பழைய படிவத்தில் கர்ப்பத்தின் எத்தனையாவது மாதத்தில் பரிசோதனை தொடங்கியது என்று கேட்டார்கள். 2003இல் திருத்திய படிவம் முதல் பரிசோதனையின் தேதியையே கேட்டது, அதையும் மருத்துவப் பதிவேட்டைப் பார்த்து எழுதச் சொன்னது. புதிய படிவத்துக்கு மாறிய மாநிலங்களில் விகிதம் இறங்கியது. பெண்கள் திடீரென்று தாமதமாக வரத் தொடங்கவில்லை. பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒப்பிடக்கூடாது என்று அந்நாட்டுப் புள்ளியியல் மையமே தனித்தனியாக வெளியிட்டது. மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் மாறியதால், நாடு முழுவதற்கும் ஒரே அடிப்படையில் எண் கிடைக்க 2016 ஆயிற்று. அந்த ஆண்டு முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கியவர்கள் 77.1 சதவீதம்.

ஆகவே படிவத்தில் கட்டம் சேர்க்கும் நாளை அறிக்கையில் குறித்துவையுங்கள். அதற்கு முன், அதற்குப் பின் என்று கோடு போட்டுக் காட்டுங்கள்.


மாதிரிக்கூறு எழுதியது:

மாதம், வாரம் பற்றி இன்னும் ஒன்று இருக்கிறது. கணக்கெடுப்பில் "எத்தனை மாசத்துல முதல்ல பார்த்தீங்க?" என்றால் "மூணு மாசத்துல" என்பார்கள். மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்ததா, மூன்று மாதம் முடிந்துவிட்டதா? முதலாவது என்றால் 9 முதல் 13 வாரம். இரண்டாவது என்றால் 13 தாண்டி 17 வரை. டி.எச்.எஸ் அட்டவணைகளில் வழக்கமாக "நான்கு மாதத்துக்குக் குறைவாக" என்று ஒரே பிரிவு. அதில் 15ஆம் வாரத்தில் வந்தவளும் அடங்கிவிடுவாள். உங்கள் பதிவேடோ 12 வாரத்தோடு கதவை மூடுகிறது. பெண்கள் பதிவது 10 முதல் 16 வாரத்துக்குள்தான் மிக நெருக்கமாக இருக்கும் என்பதால், கோட்டை இரண்டு வாரம் தள்ளினாலே விகிதம் வெகுவாக மாறும். உங்கள் பதிவேட்டை ஒருமுறை 12க்கும் ஒருமுறை 16க்கும் கணக்கிட்டுப் பாருங்கள். கணக்கெடுப்போடு உள்ள இடைவெளியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.


புதியவாசகர் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 12 வாரம் என்ற கோட்டை யார் போட்டார்கள்? பதின்மூன்றாம் வாரத்தில் வந்தால் என்ன கெட்டுவிடும்?


மகப்பேறுமருத்துவம் எழுதியது:

நல்ல கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, கர்ப்பகாலத்தில் குறைந்தது எட்டு முறை சந்திப்பு வேண்டும் என்றது. முதல் சந்திப்பு 12 வாரத்துக்குள். அடுத்தவை 20, 26, 30, 34, 36, 38, 40 வாரங்களில். அதற்கு முன் 2002 முதல் இருந்த முறையில் நான்கு சந்திப்புகள்தான். இங்கிலாந்தின் 2021 வழிகாட்டி முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் என்கிறது. ஆக, கோடு இடத்துக்கு இடம் மாறுகிறது.

பதின்மூன்றாம் வாரத்தில் கதவு அடைபடுவது இல்லை. ஆனால் ஒவ்வொரு பயனுக்கும் ஒரு காலம் இருக்கிறது. கருவின் தேதியைத் துல்லியமாகக் குறிக்க முதல் மூன்று மாதம். கருப்பைக்கு வெளியே, கருக்குழாய் போன்ற இடத்தில் இடம் மாறித் தங்கிய கருவைக் கண்டுபிடிக்க அதற்கும் முன்னால். சிபிலிஸ், எச்.ஐ.வி. இருந்தால் எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறோமோ அந்த அளவுக்குக் குழந்தை தப்பும். இரத்த அழுத்தம் கர்ப்பத்துக்கு முன்பே இருந்ததா, கர்ப்பத்தால் வந்ததா என்று பிரிக்க முதல் மாதங்களின் அளவு தேவை. முன்சூல்வலிப்பு (கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறி ஆபத்தாகும் நிலை) வரும் அபாயம் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் 12 வாரத்துக்கு மேல், 16க்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். இரத்தசோகையைச் சரிசெய்ய நேரம் வேண்டும்; எட்டாம் மாதத்தில் கண்டுபிடித்தால் மாத்திரை மட்டும் போதாது.

ஃபோலிக் அமிலத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டேன். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28ஆம் நாள் வாக்கிலேயே மூடிவிடுகிறது. பத்தாம் வாரத்தில் வந்து மாத்திரை வாங்கினாலும் அதற்குக் காலம் கடந்துவிட்டது. அது கருத்தரிக்கும் முன்பே தொடங்கவேண்டியது. 12 வாரத்துக்குள் பதிந்த விகிதத்தை வைத்து நரம்புக்குழாய்க் குறை குறையும் என்று அறிக்கைகளில் எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் செய்யவேண்டிய வேலை மறைந்துபோகிறது.

இதனால்தான் ஒற்றைக் கோட்டு விகிதத்தோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு நடு வாரம் சொல்லுங்கள், அதாவது பாதிப் பெண்கள் எந்த வாரத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று. 20 வாரத்துக்கு மேல் வந்தவர்கள் எத்தனை பேர், கடைசிவரை வராமலே பிரசவித்தவர்கள் எத்தனை பேர் என்றும் சொல்லுங்கள். 14 வாரத்தில் வந்தவளுக்கும் 32 வாரத்தில் வந்தவளுக்கும் "தாமதம்" என்ற ஒரே முத்திரை குத்துவது, உயிர் போகும் இடத்தை மறைத்துவிடும்.


உலகவரைபடம் எழுதியது:

மருத்துவர் சொன்னதற்கு வால் ஒன்று. சீக்கிரம் வருவதும் தொடர்ந்து வருவதும் வேறு வேறு. இந்தியாவின் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்கு வந்தவர்கள் 70.0 சதவீதம். குறைந்தது நான்கு முறை வந்தவர்கள் 58.1தான். வாசலுக்கு வந்த பெண்ணை நாம் பிடித்துவைத்துக்கொள்ளவில்லை. அனைவருக்குமான சுகாதார சேவையை அளக்கும் உலகக் குறியீட்டில் சேர்ப்பதும் நான்கு முறை என்ற எண்ணைத்தான், சீக்கிரம் வந்ததை அல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எந்த மாவட்டத்துக்கு எந்த மருந்து என்று தெரியும்.

2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு நிதியை நிறுத்தியதில் டி.எச்.எஸ் திட்டமே ஆட்டம் கண்டது. கணக்கெடுப்பு எப்போதும் கையில் இருக்கும் என்று நம்பிப் பதிவேட்டைக் கவனிக்காமல் விட்ட இடங்களுக்கு இது பெரிய அடி. பதிவேட்டைச் சீர்செய்வதை இனி தள்ளிப்போட முடியாது.


வாரக்கணக்கு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அறிக்கையை இப்படி அமைக்க முடிவு செய்திருக்கிறேன்.

முதல் அட்டவணையில் இரண்டு விகிதங்களும் தனித்தனியாக: மொத்தக் கர்ப்பங்களில், வந்தவர்களில். மொத்தக் கர்ப்பங்களைத் தடுப்பூசி வழியிலும் மக்கள்தொகை வழியிலும் கணக்கிட்டு, வட்டார மொத்தத்தில் கணக்கெடுப்போடு ஒத்துப்போகும் வழியையே எல்லா மாவட்டத்துக்கும் எடுப்பேன். வாரம் தெரியாத பதிவுகளுக்கு இரு முனைகளும் பக்கத்திலேயே இருக்கும். வட்டார எண் பிறப்புகளின் எடையோடு மட்டும். கணக்கெடுப்பை ஒரே தாளில் கலக்காமல், அதன் பிழை எல்லையோடு தனிப் பக்கத்தில் வைக்கிறேன். தரவரிசை இல்லை, மூன்று குழுக்கள், ஐயா கேட்டபடி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் காரணத்தோடு.

வாரப் படங்களை நேற்று வரைந்து பார்த்தேன். ஊக்கத்தொகை உள்ள மாவட்டங்களில் 12இல் கோபுரம் தெளிவாகத் தெரிகிறது. அந்த மாவட்டங்களின் பெயரோடு படத்தை வெளியிடலாமா? செவிலியர்கள் மேல் நடவடிக்கை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.


பதிவேட்டுச்செவிலி எழுதியது:

வெளியிடாதீர்கள் தம்பி. முதலில் விதியை மாற்றச் சொல்லுங்கள். உதவித்தொகைக்கான கோட்டை 16 வாரத்துக்குத் தள்ளிவிட்டால் 12ஐச் சுற்றி யாரும் கை வைக்கமாட்டார்கள், பெண்களுக்கும் பணம் கிடைக்காமல் போகாது. அதன் பிறகு வரைந்த படத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள்.

அறிக்கையின் ஒரு பிரதியை எங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். மாதாமாதம் எண் அனுப்புகிறோம், திரும்பி எதுவும் வருவதில்லை. எங்கள் நிலையத்தில் எந்தத் தெருப் பெண்கள் தாமதமாக வருகிறார்கள் என்று தெரிந்தால் நாங்களே போய்ப் பார்ப்போம்.


மாதிரிக்கூறு எழுதியது:

அக்கா சொன்னதையே நானும் சொல்வேன், ஆனால் கோட்டை 16க்குத் தள்ளினால் கோபுரமும் 16க்குப் போகும். அங்கே அதனால் நமக்குப் பெரிய கேடு இல்லை, 12க்கான எண் சுத்தமாகிவிடும். இன்னும் நல்லது, வாரத்தோடு கட்டாமல் பரிசோதனைகளை முடித்ததோடு கட்டுவது.


திட்டநிர்வாகம் எழுதியது:

உதவித்தொகை விதி பற்றிய பரிந்துரையைத் தனிக் குறிப்பாக எழுதி அறிக்கையோடு சேருங்கள். மாவட்டப் பெயர் இல்லாமல், மொத்தப் படம் ஒன்று போதும். அதை எடுத்துப் பேசும் பொறுப்பு என்னுடையது. நிலையங்களுக்குப் பிரதி அனுப்புவதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.


தரவுத்தோழன் எழுதியது:

கடைசியாக ஒரு சரிபார்ப்பு, வாரக்கணக்கு. இந்த ஆண்டுகளுக்குள் எந்த மாவட்டத்தின் எல்லையாவது பிரிக்கப்பட்டதா என்று பாருங்கள். பதிவேடு புதிய எல்லையிலும் மக்கள்தொகைக் கணிப்பு பழைய எல்லையிலும் இருந்தால், இங்கே பேசிய எதுவுமே அந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது. இன்னொன்று, பிறப்புகளோடு ஒப்பிடும்போது ஆறேழு மாதம் பின்னால் போகவேண்டும். அக்டோபரில் பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் 12 வாரத்துக்குள் வந்திருந்தால், அந்தப் பதிவு மார்ச், ஏப்ரல் பக்கங்களில்தான் இருக்கும்.